இரவல் தீர்ப்புகள்

ஆங்கிலப் பேசும்படங்களில் 'ஹோமோசெக்ஷுவல்' என்ற சொல் முதன்முதலாக ஒலித்தது 1961ஆம் ஆண்டு லண்டனில் வெளியான 'விக்டிம்' என்னும் படத்தில்தான் என்று ஒரு வாக்கியம் உண்டு. அந்தப் படத்தைப் பற்றி எழுதியவர்களில் மிகப் பலர், பத்திரிகைகளில் எழுதியவர்களும் சரி, இன்று இணையத்தில் எழுதுகிறவர்களும் சரி, படத்தைப் புகழ்ந்தவர்களும் சரி, இகழ்ந்தவர்களும் சரி, அந்த வாக்கியத்தைக் கட்டுரையின் முகப்பிலேயே நிறுத்தி, அதன்மீது தங்கள் அபிப்பிராயத்தை எழுப்பியிருக்கிறார்கள். கேட்பதற்கு அது கம்பீரமாகத்தான் இருக்கிறது. ஆனால் உண்மையாக இல்லை. எட்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1953இல், அமெரிக்காவில் எட் வுட் என்பவர் சொற்பப் பணத்தில் எடுத்த 'கிளென் ஆர் கிளெண்டா' என்ற படத்தில், பெண்களின் உடையை அணிவதில் விருப்பங்கொண்ட கதாநாயகனைப் பற்றி வியாக்கியானம் செய்யும் மருத்துவர், அவனை அந்த வகையில் சேர்க்கக்கூடாது என்று விளக்குமிடத்தில், அதே சொல்லைச் சந்தேகத்துக்கு இடமின்றி உச்சரிக்கிறார்.

இத்தனை சிறிய ஒரு பிழையைக் கையில் எடுத்துக்கொண்டு பேசுவதற்குக் காரணம் உண்டு. ஏட்டுச் சுவடிகளை ஒப்பிட்டுப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் போன்ற பெரியோர்களின் துறையில் எளிய விதி ஒன்று இருக்கிறது: இரண்டு சுவடிகளில் சரியான பாடம் ஒத்திருப்பதால் எதுவும் நிரூபணமாகிவிடாது, ஒரே இடத்தில் ஒரே பிழை காணப்படுமானால் மாத்திரம், அவை இரண்டும் ஒரு மூலத்திலிருந்து பெயர்த்தெழுதப்பட்டவை, அல்லது ஒன்றைப் பார்த்து மற்றொன்று எழுதப்பட்டது என்று துணிந்து சொல்லலாம். அந்த விதியைக் கைக்கொண்டு 'விக்டிம்' படத்தின் விமர்சனங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் படித்து வருகிறவர்களுக்கு, அறுபது ஆண்டுகளாகச் சேர்ந்துவிட்ட அந்த எழுத்துக் குவியலில் படத்தைத் தம் கண்ணால் பார்த்துத் தம் மனத்தால் எடைபோட்டு எழுதியவர்கள் எவ்வளவு சிலர் என்பது சீக்கிரத்திலேயே புலப்பட்டுவிடும். அதைவிட ஆச்சரியமானது மற்றொன்று. முடிவில் ஒன்றுக்கொன்று நேர்விரோதமாக நிற்கும் விமர்சனங்கள்கூட, வழியில் அதே வாக்கியங்களைச் சுமந்துகொண்டு வருகின்றன.

படத்தின் வரலாற்றைச் சொல்லாமல் இதை விளக்க முடியாது. பேசில் டியர்டன் இயக்க, மைக்கேல் ரெல்ஃப் தயாரிக்க, ஜேனட் கிரீனும் அவருடைய கணவர் ஜான் மெக்கார்மிக்கும் கதை வசனம் எழுதிய படம் இது. டியர்டன், ரெல்ஃப், ஜேனட் கிரீன் ஆகிய மூவரும் இதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, கறுப்பு இனத்தவரின்மீது லண்டன் நகரம் கொண்டிருந்த துவேஷத்தை ஒரு துப்பறியும் கதையின் உருவத்தில் வைத்து 'சஃபயர்' என்ற படத்தை எடுத்தவர்கள். அதே உத்தியைத்தான் இங்கும் கையாண்டார்கள். பொதுஜனங்கள் காது கொடுத்துக் கேட்கக் கூசுகிற விஷயத்தை, குற்றவாளி யார் என்று அறியும் ஆவலில் அவர்களை உட்காரவைத்துக் கேட்கச் செய்வது அவர்களுடைய நோக்கம்.

அன்றைய சட்டம் இன்னதென்று தெரிந்தால்தான் அந்தக் கூச்சத்தின் ஆழம் விளங்கும். 1885இல் லாபூஷேர் என்ற பார்லிமெண்டு அங்கத்தினர் கொண்டுவந்த திருத்தம், ஆணும் ஆணும் அந்தரங்கத்தில் கொள்ளும் உறவையும் சிறைத் தண்டனைக்குரிய குற்றமாக்கிவிட்டது. ஆஸ்கார் வைல்டை 1895இல் இரண்டு ஆண்டுக் கடுங்காவலுக்கு அனுப்பியது அந்தப் பிரிவுதான். கணிதமேதை ஆலன் டூரிங்கை 1952இல் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியதும் அதுதான். 'மிரட்டிப் பணம் பறிப்போருக்கு வழங்கிய சாசனம்' என்று அதற்குப் பெயரே ஏற்பட்டுவிட்டது. ஏனென்றால் ஒருவனுடைய கடிதமோ புகைப்படமோ மற்றொருவன் கையில் சிக்கிவிட்டால், பணத்தைக் கொடுப்பதைத் தவிர வேறு வழி கிடையாது. போலீஸில் போய்ப் புகார் செய்தால் முதலில் சிறைக்குப் போகிறவன் புகார் செய்தவனாகவே இருப்பான். 1957 செப்டம்பரில் வுல்ஃபெண்டன் குழு, வயதுவந்தோர் தம் சம்மதத்துடன் தனிமையில் நடந்துகொள்வதைக் குற்றமாகக் கருதக்கூடாதென்று சிபாரிசு செய்தது. அரசாங்கம் அந்தச் சிபாரிசை நிறைவேற்றாமல் நாள் கடத்திக்கொண்டிருந்த காலத்தில்தான் 'விக்டிம்' வெளிவந்தது.

கட்டட வேலை நடக்கும் ஓரிடத்தில் கூலிக்கணக்கு எழுதும் பாரெட் என்ற இளைஞன், போலீஸார் வருவதைக் கண்டு ஓடுவதில் படம் தொடங்குகிறது. தன்னை மிரட்டியவர்களுக்குக் கொடுப்பதற்காக முதலாளியின் பணத்தில் 2,300 பவுனை அவன் எடுத்துவிட்டான். அவன் மிரட்டலுக்கு அஞ்சியது தன்பொருட்டு அன்று. மெல்வில் ஃபார் என்ற பாரிஸ்டரைக் காப்பாற்றுவதற்காக. உயர்ந்த பதவியை எட்டும் தறுவாயில் இருக்கும் அந்த வழக்கறிஞரை அவன் டெலிபோனில் அழைக்கும்போது, இவனும் பணம் பறிக்க வந்தவன் என்று எண்ணி அவர் பேச மறுத்துவிடுகிறார். அவரைப் பற்றிய பத்திரிகைத் துணுக்குகளை ஒட்டிவைத்திருந்த புத்தகத்தை அழிக்க முயல்கையில் பாரெட் பிடிபடுகிறான். பெயரைச் சொல்லாமலே, லாக்கப்பில் தூக்குப் போட்டுக்கொண்டு உயிரை விடுகிறான். அதன் பிறகே ஃபார் விழித்துக்கொள்கிறார். மிரட்டியவர்களைத் தேடிக் கண்டுபிடித்து, தம் பதவியும் குடும்பமும் போனாலும் போகட்டும் என்று, நீதிமன்றத்தில் தம் சொந்தப் பெயரில் சாட்சி சொல்லத் துணிகிறார். ஃபாராக நடித்தவர் டர்க் போகார்ட். வைத்தியக் கல்லூரி மாணவராக வந்து தேசம் முழுவதையும் சிரிக்கவைத்த 'டாக்டர் இன் தி ஹவுஸ்' முதலிய படங்களால் இளம்பெண்களின் இதயநாயகராக விளங்கியவர், தம் நாற்பதாவது வயதில் இந்த வேடத்தை ஏற்றார்.

படம் வெளியானபோது பிறந்த முரண்பாடுகள் உன்னதமானவை என்றே நான் கருதுகிறேன். வெனிஸ் திரைப்பட விழாவில் அதைப் பார்த்த இத்தாலிய விமர்சகர் ஒருவர், ஆங்கிலேயர்கள் ஒருவழியாகப் பாசாங்கைக் கைவிட்டுவிட்டார்கள் என்று மகிழ்ந்தார். நியூயார்க் டைம்ஸில் எழுதிய பாஸ்லி கிரௌதர், இந்த மனிதர்களின் அவல நிலையை ஒளிவுமறைவின்றி எடுத்துரைத்த அறிவுத் துணிவுக்கு முன்னுதாரணமே கிடையாது என்றார். அதே மாதத்தில், 1962 பிப்ரவரியில், டைம் பத்திரிகையின் பெயர் போடாத விமர்சகர் சீறி விழுந்தார்: பணம் பறிப்பதைக் கண்டிக்கும் பாவனையில் தொடங்கும் படம், முடிவில் அந்த உறவுக்கே மறைமுகமாகச் சம்மதம் கொடுத்துவிடுகிறது என்பதும், அது குணப்படுத்தத்தக்க ஒரு நோய் என்பதை எங்கும் சொல்லவில்லை என்பதும் அவருடைய குற்றச்சாட்டு. பாலின் கேல் அம்மையார் எதிர்த்திசையிலிருந்து வந்தார். இந்த மனிதர்களைப் படம் மரியாதையுடன் நடத்திவிட்டதே என்று பதறும் விமர்சகர்களை முதலில் சாடினார். பிறகு படத்தையும் விடவில்லை. ஃபார் தம் இச்சைக்கு ஒரு நாளும் இணங்காதவர் என்பதையே அவருடைய வீரமாகப் படம் காட்டுவதால்தான் அவர் இவ்வளவு விறைப்பான நாயகராகத் தோன்றுகிறார் என்று எழுதினார்.

டைம் பத்திரிகை சொன்னது அநியாயம் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும், அதை எழுதியவர் படத்தைப் பார்த்திருக்கிறார். எந்த இடத்தில் அவருக்கு உறுத்திற்று என்பதை நாம் அறிய முடிகிறது. அந்த உறுத்தலின் வழியாக 1962ஆம் ஆண்டின் அமெரிக்கச் சமூகம் எதைக் கண்டு அஞ்சிற்று என்பதை இன்று கண்ணாரக் காணலாம். தணிக்கை வாரியத்தைப் பற்றியும் இதையே சொல்வேன். ஜான் டிரெவெல்யனைச் செயலாளராகக் கொண்டிருந்த பிரிட்டிஷ் தணிக்கை வாரியம், படத்துக்கு வயதுவந்தோருக்கான சான்றிதழை வழங்குவதற்கு முன்பு எழுப்பிய ஆட்சேபங்களைப் படிக்கும்போது, அந்த அதிகாரிகள் எவ்வளவு சிரத்தையுடன் படத்தைப் பார்த்திருக்கிறார்கள் என்ற வியப்பே மேலிடுகிறது. ஓர் ஆண், மற்றோர் ஆணைத் தான் விரும்பியதாக வாய்விட்டுச் சொல்வது அவர்களுக்குப் பொறுக்கவில்லை. அதைவிட நுட்பமான ஆட்சேபம் ஒன்றும் உண்டு: படத்தில் இந்த மனிதர்களை வெறுத்து ஆவேசமாகப் பேசுகிறவள் மிரட்டல் கூட்டத்தைச் சேர்ந்தவளாகவும், கண்டால் அருவருப்புத் தோன்றும்படியாகவும் படைக்கப்பட்டிருப்பதால், அவள் கொண்ட வெறுப்புக்கே மதிப்பில்லாமல் போய்விடும் என்று ஓர் அதிகாரி கவலைப்பட்டார். அவருடைய கவலைக்கு நான் உடன்பாடு இல்லாதவன். ஆனால் அந்தப் பாத்திரத்தின் அமைப்பில் ஒளிந்திருக்கும் வாதத்தை அவரைப்போலத் தெளிவாகக் கண்டுசொன்ன விமர்சகர்கள் அதிகம் பேர் இல்லை. அமெரிக்காவிலோ, 1961 அக்டோபரில் விதிகளைச் சற்றுத் தளர்த்திய பிறகும், ஹாலிவுட்டின் ஒழுங்குவிதி நிர்வாகம் இந்தப் படத்துக்கு முத்திரை தர மறுத்துவிட்டது; முத்திரை இல்லாமலே படம் திரையிடப்பட்டது.

பின்வந்த தலைமுறை வேறு வகையில் பிளவுபட்டது. வீட்டோ ருஸ்ஸோ 'தி செல்லுலாய்ட் க்ளாசெட்' என்னும் நூலில், திரையில் தோன்றும் தன்பாலீர்ப்புடைய பாத்திரங்கள் எவ்வெவ்வாறெல்லாம் சாகடிக்கப்படுகிறார்கள் என்று ஒரு மரணப் பட்டியலே தயாரித்தார். அந்தக் கண்ணோடு பார்த்தால் பாரெட்டின் தற்கொலை ஒரு நீண்ட வரிசையில் வந்து சேர்கிறது. ரிச்சர்ட் டயர் 1977இல் எழுதிய கட்டுரையில் இந்தப் படத்தின் சீர்திருத்த மனப்பான்மையையே சோதனைக்கு உட்படுத்தி, அது கோரும் இரக்கத்தின் எல்லைகளைக் காட்டினார். ஏழு ஆண்டுகள் கழித்து 'ஸ்கிரீன்' இதழில் ஆண்டி மெட்ஹர்ஸ்ட் அவருக்கு மறுமொழி கூறுகையில், மனைவியின்முன் ஃபார் உண்மையைக் கொட்டிவிடும் காட்சியில், படத்தை எடுத்தவர்கள் கட்டிய வரப்பையெல்லாம் உடைத்துக்கொண்டு வேறொன்று பீறிட்டுவிடுகிறது என்று வாதித்தார். இருவரும் பார்த்தது ஒரே படம். ஒருவருக்குக் குறையாகத் தெரிந்த இடத்திலேயே மற்றவருக்கு நிறைவு தெரிந்தது. விமர்சனக் கலையின் ஜீவன் இதில் இருக்கிறது.

இரவல் வாங்கியவர்கள் இந்த ஜீவனைத்தான் கொன்றுவிட்டார்கள். இரவல் எழுத்து இணையத்தோடு பிறந்ததன்று. படங்களை விநியோகித்த கம்பெனிகள் அந்தக் காலத்திலேயே, கதைச் சுருக்கம், நடிகர் நடிகையரின் வரலாறு, தலைப்புக்கு ஏற்ற கவர்ச்சியான வாசகங்கள் எல்லாவற்றையும் அச்சுக்கோப்பதற்கு ஆயத்தமாகத் தொகுத்து, விளம்பரப் புத்தகமாகப் பத்திரிகை அலுவலகங்களுக்கு அனுப்பிவைக்கும். நேரமில்லாத உதவியாசிரியர் அதிலிருந்து நான்கு பத்திகளை வெட்டி ஒட்டி, இரண்டு அடைமொழிகளைச் சேர்த்தால் விமர்சனம் முடிந்துவிடும். அதே காரியத்துக்கு இன்று கத்தரிக்கோலும் பசையும் தேவைப்படவில்லை என்பதும், வெட்டி எடுப்பதற்கு அறுபது ஆண்டுச் சரக்கு ஒரே இடத்தில் குவிந்து கிடக்கிறது என்பதுமே வேறுபாடு.

அந்தச் சரக்கு இருவேறு காலங்களைச் சேர்ந்தது என்பதால், இரவல் விமர்சனத்துக்கு ஒரு விசேஷமான அடையாளம் ஏற்பட்டுவிடுகிறது: அது தனக்குத்தானே முரண்படும். முதற்பத்தியில் 'காலத்தை மீறிய துணிச்சல்' என்று புகழப்படும் படம், நான்காம் பத்தியில் 'காலத்துக்கு அடங்கிப்போன கோழைத்தனம்' என்று பழிக்கப்படும். இரண்டுக்கும் இடையே, ஏன் அப்படித் தோன்றிற்று, எந்தக் காட்சி மனத்தை மாற்றிற்று என்று சொல்ல ஒரு வரிகூட இராது. ஒரு மனிதன் ஒரு படத்தைப் பற்றி இரண்டு விதமாக உணர்வது இயல்பு. நல்ல விமர்சகன் அந்த இரண்டு உணர்ச்சிக்கும் நடுவிலுள்ள வழியை நமக்குக் காட்டுவான். இங்கே வழி இருப்பதற்கு நியாயமில்லை; முதற்பத்தி 1962ஆம் ஆண்டின் பாராட்டு, நான்காம் பத்தி 1970களின் கண்டனம். உடைமைக்காரர்கள் வேறு வேறு.

சில இடங்களை நெருங்கிப் பார்ப்போம். பாரெட்டை ஃபாரின் 'முன்னாள் காதலன்' என்று எழுதுகிறார்கள் சிலர்; 'தூய்மையான நண்பன்' என்று எழுதுகிறார்கள் வேறு சிலர்; ஒரே கட்டுரையில் இரண்டும் வருவதற்குத் தடையில்லை. படம் சொல்வது இவ்விரண்டிலும் அடங்காது. ஃபார் அந்த இளைஞனைத் தம் காரில் அழைத்துச் சென்று வீட்டருகே விடுவது வழக்கமாக இருந்தது. அவனைத் தாம் விரும்புகிறோம் என்று உணர்ந்த அன்றே அவர் சந்திப்பை நிறுத்திவிட்டார். மிரட்டல்காரர்கள் கைப்பற்றிய புகைப்படம், பிரிவைத் தாங்காமல் அவன் அழுதபோது அவர் அவன் தோளை அணைத்திருந்த கணத்தில் எடுக்கப்பட்டது. கூடலின் சாட்சியமாக விலை பேசப்பட்ட அந்தப் படம் உண்மையில் பிரிவின் சாட்சியம். இந்தச் சோகத்தின் கூர்மை 'காதலன்' என்ற சொல்லிலும் மழுங்கிப்போகிறது, 'நண்பன்' என்ற சொல்லிலும் மழுங்கிப்போகிறது. படத்தைப் பார்த்த எவரும் இதைத் தவறவிட முடியாது.

இன்னொன்று, ஒரு புள்ளிவிவரம். பணம் பறிக்கும் வழக்குகளில் நூற்றுக்குத் தொண்ணூறு, தன்பாலீர்ப்பைச் சாக்காகக் கொண்டு நடப்பவை என்று படத்தில் ஒரு பேச்சு வருகிறது. கதாபாத்திரம் பேசிய அந்த வார்த்தையை, அன்றைய இங்கிலாந்தின் ஆதாரபூர்வமான கணக்காக எடுத்து எழுதிவிடுகிறார்கள். வுல்ஃபெண்டன் அறிக்கையைப் புரட்டினால் வேறு கணக்கு இருக்கிறது: 1950 முதல் 1953 வரை இங்கிலாந்திலும் வேல்ஸிலும் போலீஸாருக்குத் தெரியவந்த இத்தகைய வழக்குகள் 71, அவற்றுள் இந்த விஷயத்தோடு தொடர்புடையவை 32. பாதிக்கும் குறைவு. இதனால் படம் பொய் சொல்லிவிட்டது என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. போலீஸில் சொன்னால் தானே சிறைக்குப் போகவேண்டும் என்று பயந்து வாய்மூடியிருந்தவர்களின் தொகை எந்த அறிக்கையிலும் ஏறியிராது. தொண்ணூறு என்ற பேச்சுக்கும் 32 என்ற பதிவுக்கும் இடையே கிடக்கும் அந்தப் பெரிய மௌனத்தைப் பற்றித்தான் படமே எடுக்கப்பட்டது. இந்த இடத்தில் நின்று யோசித்த விமர்சகனுக்கு ஒரு கட்டுரைக்கு வேண்டிய பொருள் முழுவதும் கிடைத்திருக்கும். பிறர் எழுத்தைப் பார்த்து எழுதியவனோ தொண்ணூறை எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டான்.

படமே சட்டத்தை மாற்றிவிட்டது என்ற கூற்றும் இவ்வாறு கைமாறி வருவதுதான். 1967இல் நிறைவேறிய சட்டத்துக்குப் பின்னால், ஒரு குழுவின் அறிக்கை, 1958இல் தோன்றிய ஒரு சீர்திருத்தச் சங்கத்தின் உழைப்பு, காமன்ஸ் சபையில் லியோ ஆப்ஸி, பிரபுக்கள் சபையில் ஏரன் பிரபு போன்றோரின் பிடிவாதம் எல்லாம் இருந்தன. அந்தச் சட்டமும் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் மாத்திரம், இருபத்தொரு வயது நிரம்பியவர்களுக்கு மாத்திரம் விடுதலை அளித்தது. ஸ்காட்லாந்து 1980 வரையிலும், வட அயர்லாந்து 1982 வரையிலும் காத்திருந்தன. ஏரன் பிரபு 1968இல் போகார்டுக்குக் கடிதம் எழுதி, பொதுஜன அபிப்பிராயம் திரும்பியதில் படத்துக்குப் பங்கு உண்டு என்று நன்றி பாராட்டியது மெய். ஒரு கலைப்படைப்புக்கு அந்தப் பங்கே பெரிய கௌரவம். பலருடைய உழைப்பையும் பறித்து அதன் தலையில் சூட்டவேண்டிய தேவை இல்லை.

திருடப்பட்ட வாக்கியத்தால் மூல ஆசிரியருக்கு நஷ்டம் ஏற்படுகிறது என்பது எல்லோருக்கும் தெரிந்தது. எனக்கு அதைவிடப் பெரிய நஷ்டமாகத் தோன்றுவது வேறு. மற்றப் படங்களின் விமர்சனங்கள் ரசிகர்களுக்கு வழிகாட்டும்; இந்த மாதிரிப் படத்தின் விமர்சனங்கள் அதற்கு மேலும் ஒரு காரியம் செய்கின்றன. நாட்குறிப்பு எழுதினால் அதுவே தங்களைச் சிறைக்கு அனுப்பும் அத்தாட்சியாகிவிடும் என்று அஞ்சி, கடிதங்களைக் கொளுத்திவிட்டு வாழ்ந்த மனிதர்கள் தங்களைப் பற்றி விட்டுச்சென்ற எழுத்து மிகக் குறைவு. அவர்களைப் பற்றித் துணிந்து பேசிய முதல் சில படங்களைக் கண்டபோது நாட்டு மக்கள் என்ன உணர்ந்தார்கள், எதற்குக் கூசினார்கள், எந்த இடத்தில் மனம் இளகினார்கள் என்பதை வருங்காலத்தவர் அறிந்துகொள்ள விமர்சனங்களே முக்கியமான சாட்சியம். அந்தச் சாட்சியத்தில் ஒருவர் சொன்னதையே நூறு பேர் சொன்னதாகப் பதிவாகிவிட்டால், 1961இல் எத்தனை பேர் கொதித்தார்கள், 2021இல் எத்தனை பேர் கண் கலங்கினார்கள் என்பதை எப்படிக் கணக்கிடுவது?

நமக்கும் இது தூரத்து விஷயமன்று. அதே ஆட்சியாளர்கள் 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 377ஆவது பிரிவாக எழுதிவைத்த விலக்கு, இங்கிலாந்து தன் சட்டத்தைத் திருத்திக்கொண்ட பிறகும் அரை நூற்றாண்டுக்கு மேல் இங்கே உயிரோடிருந்தது. வயதுவந்தோரின் சம்மதத்துடன் நிகழ்வதற்கு அது செல்லாது என்று உச்சநீதிமன்றம் 2018 செப்டம்பர் 6ஆம் தேதிதான் தீர்ப்பளித்தது. போலீஸுக்குப் போக முடியாமல் பணத்தைக் கொடுத்து வாயடைத்த பாரெட்டுகள் இந்நாட்டிலும் இருந்திருப்பார்கள். அவர்களைப் பற்றி எழுதப்பட்ட கதைகளுக்கும் எடுக்கப்பட்ட படங்களுக்கும் நாம் எழுதும் விமர்சனம் எப்படியிருக்கவேண்டும் என்ற கேள்வி, ஆகையால், நம்முடையதுதான்.

பிறர் எழுதியதைப் படிக்கக்கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. ஜான் கோல்ட்ஸ்ட்ரீம் போன்று, போகார்டின் வரலாற்றையும் இந்தப் படத்தின் வரலாற்றையும் ஆராய்ந்து தனித்தனி நூலாக எழுதியவர்களைப் படிக்காமல் எழுதுவது அகம்பாவம். யார் சொன்னது என்று பெயரைச் சொல்லிவிட்டால் இரவலும் கௌரவமாகிவிடும். தாம் பார்க்காததைப் பார்த்ததாகச் சொல்வதுதான் குற்றம். அது நீதிமன்றத்தில் நேர்ந்தால் பொய்ச்சாட்சி என்பார்கள். ஒரு விமர்சனத்தில் படத்தைப் பார்த்தவனுக்கு மாத்திரம் தெரிந்த ஒரு விஷயமாவது இருக்கிறதா என்று பத்திராதிபர்கள் தேடிப் பார்க்கவேண்டும். 'விக்டிம்' விமர்சனமானால், முடிதிருத்தும் கடைக்காரர் ஹென்றி எங்கே என்று கேட்கலாம். நான்கு முறை சிறை சென்று, இன்னொரு முறை தாங்காது என்று கடையை விற்றுவிட்டுக் கனடாவுக்குப் புறப்பட இருக்கும் அந்த முதியவர், ஃபாரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடவும் துணியாமல், மறைக்கவும் மனமில்லாமல் தவிப்பதும், மிரட்டல்காரன் வந்து கடையை அடித்து நொறுக்கும்போது மாரடைத்து விழுவதும் சில நிமிஷங்களில் முடிந்துவிடுகின்றன. சுருக்கங்களில் பெரும்பாலும் அவருக்கு இடம் இல்லை. ஆகவே சுருக்கத்தைப் பார்த்து எழுதியவர்களுக்கு அவர் இல்லவே இல்லை. கடமையில் இரக்கத்தைக் கலக்காத இன்ஸ்பெக்டர் ஹாரிஸ், தம்கீழ் வேலை செய்யும் தூய்மைவாதியான பிரிடியைப் பார்த்து, உன் கொள்கையும் ஒரு காலத்தில் சட்டவிரோதமாகத்தானே இருந்தது என்று அமைதியாக நினைவூட்டும் இடமும் அப்படித்தான்.

மற்றவர்களின் தீர்ப்பைப் பற்றி இவ்வளவு சொன்ன பிறகு என் தீர்ப்பைச் சொல்லாமல் விடுவது முறையன்று. பாலின் கேல் சொன்ன குறை உண்மையானது. ஃபார் ஒழுக்கம் தவறாதவர் என்று நிரூபித்துவிட்டுத்தான் நம் அனுதாபத்தை அவருக்கு வாங்கித்தரப் படம் துணிகிறது. தவறிய ஒருவருக்காகவும் அதே நீதியை அது கேட்டிருக்கவேண்டும். ஆனால் சில்வியா சிம்ஸ் நடித்த லாரா, மணமுடிக்கும் முன்பே கணவனின் இயல்பை அறிந்து, அன்பால் அதை வென்றுவிடலாமென்று நம்பியிருந்தவள், அவனை விடாமல் கேள்விமேல் கேள்வி கேட்டு நெருக்கும்போது, போகார்டின் குரல் ஒரு வழக்கறிஞனின் குரலாக இருப்பதை நிறுத்திவிடுகிறது. விரும்பினேன், ஆகையால்தான் விலகினேன் என்று அவர் கத்துவதைக் கேட்கும் எவரும், இது இரக்கம் கேட்கும் குரல் என்று சொல்ல மாட்டார்கள். அந்த வசனத்தைத் தாமே எழுதிச் சேர்த்ததாகப் போகார்ட் பிற்காலத்தில் சொல்லிக்கொண்டார். எழுதியது யாரானாலும், அதைப் பேசியவர் தம் சொந்த வாழ்க்கையைப் பற்றிக் கடைசிவரை வாய்திறவாதவர். தணிக்கை அதிகாரி அஞ்சியதும் அந்த வரியைத்தான், மெட்ஹர்ஸ்ட் போற்றியதும் அந்த வரியைத்தான். டயரின் பக்கமும் நியாயம் இருக்கிறதென்றாலும், இந்த ஒரு வழக்கில் நான் மெட்ஹர்ஸ்டோடு நிற்கிறேன். இதற்கு மாறான முடிவுக்கு வருகிறவர் அந்தக் காட்சியை முழுமையாகப் பார்த்துவிட்டுத் தம் பெயரில் எழுதட்டும். படித்துப் பார்க்க நான் ஆவலாக இருக்கிறேன்.